மறதியும் முதுகு நீரும்

மதுரையில் வழி தப்புவது சுலபமான காரியமன்று. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று கோயிலைச் சுற்றி ஒன்றையொன்று சூழ்ந்து வீதிகள் அமைந்திருக்கின்றன. தலையை நிமிர்த்தினால் கோபுரம். அந்த மாசி வீதியில் நாற்பது வருஷம் பாத்திர வியாபாரம் செய்த நண்பரொருவர், சென்ற வருஷம் ஒரு மாலை வீட்டுக்கு வழி தெரியாமல் விளக்குத்தூண் அருகே திகைத்து நின்றார். அதற்குப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே, மூக்குக் கண்ணாடியை மருமகள் ஒளித்துவிட்டாள் என்று தினந்தோறும் சண்டை. "வயசானால் அப்படித்தான்" என்றார்கள் வீட்டார். மருமகள் மாத்திரம் அழுதாள்.

ஜெர்மானிய வைத்தியர் அல்ஸைமர் 1906-ஆம் ஆண்டில் எடுத்துரைத்த வியாதி இவ்வாறுதான் மெள்ள நுழைகிறது. நினைவு சிதையும் நோய்களில் இதுவே மிகுதி. திருப்போரூரில் அறுபது வயது கடந்தவர்களைச் சோதித்து 1997-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு 3.5 பேரிடம் அத்தகைய நோய் காணப்பட்டது. இந்தியா முழுவதற்கும் 2023-இல் வந்த கணக்கு 7.4 என்கிறது.

மூளையையும் முதுகுத் தண்டையும் சூழ்ந்து சுமார் 150 மில்லி லிட்டர் தெளிந்த நீர் இருக்கிறது. இடுப்புப் பக்கம் ஊசி செலுத்தி அதில் சிறிது எடுத்து, இரண்டு புரோட்டீன்களை அளக்கிறார்கள். இந்நோயில் 'டௌ' என்பது அதிகரித்திருக்கும். 'அமிலாய்டு' என்பதோ குறைந்திருக்கும்! குற்றவாளியென்று சந்தேகிக்கப்படும் பொருள் குறைவானேன்? அது மூளையிலேயே படிந்துவிடுகிறது. வண்டலெல்லாம் கண்மாயின் அடியில் தங்கிவிட்டால் மடையில் வரும் நீர் தெளிந்திருக்குமல்லவா?

முதுகில் ஊசி என்றதும் கால் விழுந்துவிடுமென்று நம்மவர் அஞ்சுவார்கள். தண்டு முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி போகிறது; சிலருக்குச் சில நாள் தலைவலி உண்டு, அவ்வளவே. ஆயினும், மறதி கண்டவுடன் இச்சோதனையைத் தேடி ஓடுவதும் பிசகு. ஞாபகம் நன்றாயிருக்கும் முதியோர் சிலரிடமும் அமிலாய்டு குறைந்திருப்பதுண்டு. மேலும் தைராய்டுக் குறை, பி-12 வைட்டமின் குறை, தலையில் பட்ட அடியால் உள்ளே தேங்கிய இரத்தம் ஆகியவையும் இதே வேஷம் போடும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. மாமிசம் தொடாத குடும்பத்து நேயர்கள் பி-12 விஷயத்தைக் கவனிப்பது நலம். முதலில் இரத்தப் பரிசோதனையும் மூளைப் படமும். முதுகு நீர் பிறகுதான். இப்புரோட்டீன்களை இரத்தத்திலேயே பார்க்கும் சோதனை ஒன்றுக்கு அமெரிக்காவில் 2025-இல் அனுமதி கிடைத்திருக்கிறது.

நண்பரின் இரத்தத்தில் குறை காணவில்லை. முதுகு நீரில் டௌ அதிகம், அமிலாய்டு குறைவு. நோயை அறவே நீக்கும் மருந்து இன்னும் கிடையாது. "அப்படியானால் சோதித்து என்ன லாபம்?" என்று மூத்த பிள்ளை என்னைக் கேட்டார். இப்போது கண்ணாடி காணாமற்போனால் அவ்வீட்டில் மருமகளை ஒருவரும் கேட்பதில்லை.