மெடிக்கல் பாஸ் யாருக்கு?



கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று எந்த ஊரிலும் நாற்பது வயது ஆண் ஒருவரிடம் "எப்போதாவது இரத்தம் சோதித்தீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓம், சவூதிக்குப் போகும்போது மெடிக்கல் எடுத்தேன், பாஸ்" என்பார். அந்த மெடிக்கல் அவருக்காக எடுத்ததல்ல. காசநோய் உண்டா, எச்.ஐ.வி. உண்டா, ஈரல் அழற்சி உண்டா என்று வேலை கொடுக்கிறவன் தனக்காகப் பார்த்தது. மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான்.

நம் உடம்பை நமக்காகப் பார்க்கும் இடமும் இருக்கிறது. 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களை அரசு நடத்துகிறது. 35 வயது கடந்தவர்கள் போகலாம். பிரஷர், சீனி, நிறை, வாய்ச் சோதனை எல்லாம் பார்ப்பார்கள், ஒரு சதமும் கேட்கமாட்டார்கள். ஆனால் அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஆண்களுக்கு அசட்டை என்கிறார்கள்.

அசட்டை உண்டுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணித்தியாலம் வெறும் வயிற்றில் வாருங்கள் என்றால் முகம் சுளிக்கிறவர், முப்பது நோன்பும் பிடிக்கிறவர்! ஆனால் நிலையம் திறப்பது பெரும்பாலும் வார நாளில், காலையில். தோட்டத்தில் பேர் பதிவதும் அதே நேரம். போனால் ஒரு நாட்கூலி போச்சு. இதற்குப் பெயர் இலவசமா?

கரும்பு வெட்டுகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. நிக்கராகுவாவில் சிச்சிகல்பா என்ற ஊரில் கரும்பு வெட்டிய இளம் ஆண்கள், சீனி வருத்தம் இல்லாதவர்கள், சிறுநீரகம் செத்து மடிந்தார்கள். அங்கே ஒரு குடியிருப்புக்கு 'விதவைகளின் தீவு' என்றே பெயர் விழுந்தது. தண்ணீரும் ஓய்வும் இல்லாமல் கொதிக்கும் வெயிலில் உழைப்பதை முக்கிய காரணமாக ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். நம் மாவட்டத்திலும் தெஹியத்தகண்டிப் பக்கம் விவசாயிகளைச் சிறுநீரக நோய் தின்கிறது. பாதிச் சிறுநீரகம் போகும்வரை உடம்பு ஒன்றும் சொல்லாது. இரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின், இந்த இரண்டு சோதனையும்தான் முன்கூட்டிச் சொல்லும்.

ஆனால் கவனம். நிக்கராகுவாவிலும் இரத்தம் எடுத்தார்கள். கிரியேட்டினின் கூடியவரை வேலையிலிருந்து கழித்தார்கள். கழிக்கப்பட்டவர்களில் சிலர் வயிற்றுப்பாட்டுக்காக கொந்தராத்துக்காரரிடம் வேறு பெயரில் சேர்ந்து, அதே வெயிலில் வெட்டினார்கள். இங்கேயும் சோதனை என்ற பெயரில் ஆட்குறைப்பு நடக்க நாம் விடமுடியாது.

ஆகவே நிர்வாகங்களிடம் கேட்கிறோம்: வருடத்துக்கு ஒரு தடவை, சம்பளத்தோடு அரை நாள் விடுப்பு. வெட்டுக்காலம் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் சிறுநீரகச் சோதனை. முடிவுச் சீட்டு தொழிலாளியின் கைக்கு மட்டும். வருத்தம் கண்டவருக்கு நிழலில் வேலை, அதே கூலி. வயலில் தண்ணீரும் நிழலும் எல்லோருக்கும், சோதனைக்குக் காத்திராமல்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு ஒரு சொல். இலங்கை ஆண்களிடம் ஆகக் கூடிய புற்றுநோய் வாய்ப்புற்று. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் அதைக் கொண்டுவரும். வாய்க்குள் வெள்ளைப் படலமோ ஆறாத புண்ணோ இருந்தால் வைத்தியரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள், ஒரு நிமிட வேலை.

அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளக் கோரிக்கையோடு இவற்றையும் மேசையில் வைக்கிறோம். அதுவரை, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நிலையம் எந்த நாள் என்று கேட்டுக் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். பத்துப் பேராகச் சேர்ந்து போவோம்.