ரிலேவுக்கு எதற்கய்யா ஆபீஸ் நெட்வொர்க்?

துணைமின் நிலையத்தில் ரிலே என்று ஒரு பெட்டி இருக்கும். லைனில் பழுது வந்தால் கண்டுபிடித்து, 'வெட்டு' என்று பிரேக்கருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லியாக வேண்டும். தாமதித்தால் டிரான்ஸ்ஃபார்மர் காலி! முன்பெல்லாம் அதற்குச் செம்புக் கம்பிதான். இப்போது ஈதர்நெட் போர்ட்டும் ஐ.பி. முகவரியும் வந்துவிட்டன. வம்பும் கூடவே வந்துவிட்டது.

பல ரிலேக்களில் இரண்டு போர்ட் இருப்பது சும்மா அழகுக்கு இல்லை. ஒன்றைக் கண்ட்ரோல் ரூமுக்கும், இன்னொன்றை செட்டிங் மாற்றும் இன்ஜினியருக்கும் ஒதுக்கலாம். ஒன்றுக்கு 192.168.1.10, மற்றதற்கு 192.168.2.10, மாஸ்க் 255.255.255.0 என்று கொடுத்தால் இரண்டும் தனித்தனித் தெரு. 'எதுக்குத் தலைவலி, எல்லாம் எல்லாத்தோடயும் பேசட்டும்' என்று மாஸ்க்கை 255.255.0.0 ஆக்கினால் இரண்டு தெருவும் ஒன்றாகிவிடும். பதிலை எந்தப் போர்ட் வழியாக அனுப்புவது என்று ரிலேவுக்கே குழப்பம். அதைவிடக் கொடுமை, பில் போடும் ஆபீஸ் கம்ப்யூட்டரும் அதே நெட்வொர்க்கில் வந்து உட்கார்ந்துகொள்வது. கேட்டால், வசதியாம்!

இந்த வசதி என்ன விலைக்குப் போகும் என்று பாருங்கள். 2016 டிசம்பர் 17 இரவு, உக்ரைனின் கீவ் அருகே பிவ்னிச்னா துணைமின் நிலையத்தைத் தாக்கி, சுமார் ஒரு மணி நேரம் நகரின் ஒரு பகுதியை இருட்டாக்கினார்கள். அதற்குப் பயன்பட்ட இண்டஸ்ட்ராயர் என்ற நிரலுக்குள், சீமென்ஸின் சிப்ரோடெக் ரிலேக்களை முடக்க ஒரு தனிக் கருவி இருந்தது. யூடிபி போர்ட் 50000-க்கு வெறும் 18 பைட் போதும். யாராவது கையால் அணைத்துப் போடும்வரை ரிலே ஊமை. அந்த ஓட்டைக்கு 2015 ஜூலையிலேயே சீமென்ஸ் மருந்து கொடுத்துவிட்டது என்பது தனிக்கதை. அன்று அந்த 18 பைட் ரிலேவைச் சென்றடையவில்லை. காரணம் ஃபயர்வால் இல்லை சாமி! தாக்கியவர்கள் ஐ.பி. முகவரியைத் தலைகீழாக எழுதித் தொலைத்திருந்தார்கள். எதிரியின் எழுத்துப்பிழையை நம்பியா மின்சாரம் கொடுப்பது?

'நாங்கதான் சப்நெட் பிரிச்சுட்டோமே' என்பார்கள். சப்நெட் தரையில் போட்ட கோடு, சுவர் அல்ல. நடுவில் ஃபயர்வால் இல்லையென்றால் ரௌட்டர் இங்கிருந்து வாங்கி அங்கே கொடுத்துவிடும். ரிலேக்கள் தங்களுக்குள் அவசரச் செய்தி அனுப்பும் கூஸ் முறைக்கோ ஐ.பி. முகவரியே கிடையாது. அதற்கு ஸ்விட்ச்சிலேயே வி-லேன் பிரித்தாக வேண்டும்.

'செலவாகுமே' என்பது அடுத்த பல்லவி. பணம் வாங்குகிறவரே கணக்கும் எழுதக்கூடாது என்பது காமர்ஸ் படிப்பில் வருகிற பாடம். இரண்டு ஆள் சம்பளம் தண்டம் என்று எந்த ஆடிட்டரும் சொல்வதில்லை. கல்லாப்பெட்டிக்கு இருக்கும் அந்த மரியாதை, ஒரு ஊரின் மின்சாரத்துக்கு வேண்டாமா? ரிலே வாங்க டெண்டர் போடும்போதே முகவரிப் பட்டியலையும் ஃபயர்வால் விதிகளையும் கேளுங்கள். காட்டாதவருக்குக் கடைசி பில்லை நிறுத்தி வையுங்கள். பட்டியல் தானாக வரும் :)