கம்பிக்கு முன் மாத்திரை

"யாரோ கண்ணு வச்சிட்டாங்க, அதான் பேசாம கெடக்கா." பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் (நமக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) கடும் மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் இதுதான் விளக்கம். 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில், டொரோண்டோவில் மருத்துவர் ஹெலன் மேபர்க் குழுவினர், இதே மனச்சோர்வில் நான்கு வகைச் சிகிச்சைக்கும் மசியாத 6 பேரின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தி, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி வைத்தார்கள். ஆறு மாதத்தில் 4 பேர் நன்றாகத் தேறினார்கள். பிறகு அமெரிக்காவில் பெரிதாகச் சோதித்தபோது, மின்சாரம் பாய்ந்தவருக்கும் பாயாதவருக்கும் சொல்லும்படி வித்தியாசமில்லை, பாதியிலேயே நிறுத்தினார்கள். அதற்காகக் கட்டுக்கதை என்று நான் தள்ளமாட்டேன், ஆராய்ச்சி தொடர்கிறது. ஆனால் நாலும் தோற்றவருக்குத்தான் அந்தக் கம்பி. நம் லயத்து வீடுகளில் முதல் மாத்திரையே முடிவதில்லை. வேலை செய்ய அதற்குச் சில வாரமாகும். பத்தே நாளில் "ஒன்னும் கேக்கல" என்று பாக்கெட் சாமிப்படத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. கோயிலுக்குப் போங்கள், மந்திரித்துக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். திரும்பும் வழியில் அரசாங்கக் கிளினிக்கிலும் ஒரு நம்பர் எடுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் மலேசியச் சுகாதார அமைச்சின் எண் 15555.