ஒரு சாண் தண்ணீருக்குப் பயந்தவர்கள்

மன்னார் பேசாலையில் ஒரு குரல் பதிவு சாகாவரம் பெற்று அலைகிறது. வட்ஸ்அப்பில் வரும், கொஞ்ச நாள் அடங்கும், திருநாள் முடிந்ததும் வெளிநாட்டிலிருந்து யாராவது ஒரு மச்சான் திரும்பவும் தட்டிவிடுவான். பேசுகிறவர் நல்வாழ்வுப் பேச்சாளராம். கணீரென்ற குரல். எதிலும் சந்தேகம் வந்திராத குரல். குறட்டை உழைப்பாளியின் அடையாளம், அது ஆழ்ந்த நித்திரை, அதற்குப் போய் மூக்கில் குழாயை மாட்டி மெஷினோடு படுப்பது வியாபாரிகளின் சூழ்ச்சி, ஒருமுறை மாட்டினால் ஆயுளுக்கும் அடிமை என்பதுதான் அவர் பேச்சின் சாரம். நான் இரவில் சீபாப் மெஷின் மாட்டிப் படுக்கிறவன் என்பது ஊருக்குத் தெரியும். அதனால் அக்கறையோடு எனக்கே அனுப்புகிறார்கள். அக்கறைக்கு நன்றி. பதிவுக்குப் பதில் கீழே.

முதலாவது, குறட்டை ஆழ்ந்த நித்திரையாம். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடியும் அண்ணத்தின் பின்பகுதியும் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகின்றன. பத்து விநாடியோ அதற்கு மேலோ காற்று நின்றால் அது ஒரு தடவை என்று கணக்கு. இரத்தத்தில் ஒட்சிசன் இறங்குகிறது, மூளை பதறி ஆளை உலுக்குகிறது, ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்புகிறது. படுத்திருப்பவருக்கு இதில் எதுவும் ஞாபகம் இருக்காது. இப்படி மணிக்கு ஐந்து முதல் பதினைந்து தடவை என்றால் இலேசான நோய், முப்பதைத் தாண்டினால் கடுமையானது. முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை. இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் கழுத்தை நெரித்து எழுப்பப்படுகிறவனைத்தான் நம் பேச்சாளர் குடுத்து வைத்தவன் என்கிறார். சினிமாக்காரர்கள்கூட இதில் அவரைவிட ஒருபடி மேல். 2023இல் வந்த ‘குட் நைட்’ படத்தில் குறட்டைக்காரன் படும் அவமானமாவது இருந்தது.

இரண்டாவது, முன்னோருக்கு இந்த நோய் இல்லையாம். பெயர்தான் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் வைத்தியர் கில்மினோவும் கூட்டாளிகளும் அதற்கு ஒரு நோயின் பெயரைக் கொடுத்தது 1976இல். அதற்கு 140 வருடம் முந்தியே டிக்கன்ஸ் தன் ‘பிக்விக்’ நாவலில், கதவைத் தட்டிவிட்டு நின்றபடியே உறங்கும் ஒரு தடித்த பையனை எழுதிவிட்டார். 1956இல் வைத்தியர்கள் ஒரு நோய்க்கு அந்த நாவலின் பெயரையே வைத்தார்கள். நம் முன்னோர் விஷயத்தில் எனக்கு வேறொரு சந்தேகம். நித்திரையிலேயே போன பெரியவர்களை, சூசையப்பர் நன்மரணம் கொடுத்தார் என்று சொல்லிப் புதைத்திருக்கிறோம். அவர்களில் எத்தனை பேருடைய மூச்சு முந்தின இருபது வருடமாக இரவிரவாக நின்று நின்று வந்தது என்று யார் எண்ணினார்கள்? 2022 பெப்ரவரியில் மும்பாயில் இசையமைப்பாளர் பப்பி லஹரி இறந்தபோது வைத்தியசாலை சொன்ன காரணம் இந்த நோய்தான். அவரை மட்டும் வியாபாரிகள் சூழ்ச்சியால் கொன்றார்களாக்கும்.

மூன்றாவது, மெலிந்தால் போதுமாம். மெலிந்தால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆசியர்களில் பலருக்குத் தாடையின் அமைப்பே தொண்டையை நெருக்குகிறது. மெலிந்த உடம்பிலும் இந்த நோய் குடியிருக்கும். வலை இழுத்து நரம்பாய்க் கிடக்கிற மனிதனிடம் போய் வயிற்றைக் குறை என்று சொல்லப் பேச்சாளருக்கு வாய் வரலாம். எனக்கு வராது.

நான்காவது, மூச்சுப் பயிற்சி. விழித்திருக்கும்போது செய்யும் பயிற்சி நித்திரையில் தொண்டையை எப்படித் தாங்கும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல ஆசைப்பட்டிருந்தால் நானே ஒரு ஆதாரம் எடுத்துக் கொடுத்திருப்பேன். 2006இல் சுவிற்சர்லாந்தில் 25 பேரை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் டிஜெரிடூ என்ற நீளக் குழலை நாலு மாதம் ஊதிப் பழகியவர்களுக்குக் குறட்டை நோய் ஓரளவு குறைந்தது. பதிவில் இதைக் காணோம். தேடிப் படிக்க வேண்டிய வேலை அல்லவா.

மூக்கில் நெய் விடுவது, சட்டையின் முதுகில் பந்து தைத்துப் படுப்பது ஆகிய இரண்டையும் சேர்த்து ஐந்தாவதாக வைத்துக்கொள்ளுங்கள். பந்து சிலருக்கு உதவும். நெய்யைச் சோற்றில் விடுங்கள்.

ஆறாவதுதான் எனக்கு வேண்டியது: அடிமை வாதம். மெஷின் போட்டால் நுரையீரல் சோம்பேறியாகும், பிறகு அது இல்லாமல் மூச்சே வராது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2020, 2021இல் கொரோனா வார்டுகளைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். முகத்தில் மாஸ்க் மாட்டிக் கிடந்தவர்களில் பலர் திரும்பவில்லை. அன்றிலிருந்து முகத்தில் மாஸ்க், பக்கத்தில் மெஷின் என்றால் சனத்துக்கு மையவாடிதான் ஞாபகம் வருகிறது. வென்ரிலேற்றர் வேறு, சீபாப் வேறு. வென்ரிலேற்றர் நோயாளிக்காக மூச்சு விடும். சீபாப் யாருக்காகவும் மூச்சு விடாது. அதற்குள் ஒட்சிசனும் கிடையாது. அறையில் கிடக்கிற காற்றையே வடித்து, மெல்லிய அழுத்தத்தில் மூக்குக்குள் அனுப்புகிறது. அந்த அழுத்தம் தொண்டையை ஒட்டவிடாமல் விரித்து வைக்கிறது. மூச்சை உள்ளே இழுப்பது உங்கள் உதரவிதானம், வெளியே விடுவதும் நீங்கள். இதில் நுரையீரல் எந்த வேலையை விட்டுவிட்டுச் சோம்பேறியாகிறது?

அந்த அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். அதை அளப்பதே தண்ணீரின் சென்ரிமீற்றரில்தான். இந்த மெஷின்கள் பொதுவாக நாலிலிருந்து இருபது சென்ரிமீற்றர் வரை கொடுக்கும். இருபது என்றால் கிட்டத்தட்ட ஒரு சாண். பலருக்கு அதில் பாதியே போதும். மன்னார்க் கடலில் சங்குக்கும் அட்டைக்கும் இறங்குகிற பொடியன்கள் பத்துப் பாகம் ஆழத்துக்குப் போய், முதுகிலிருக்கும் சிலிண்டர் காற்றை உறிஞ்சிக்கொண்டு வேலை செய்கிறார்கள். பத்துப் பாகம் என்றால் கிட்டத்தட்ட 1,800 சென்ரிமீற்றர் தண்ணீர். அவர்களுக்கு வாதம் வருகிறது, மூட்டு போகிறது, சிலர் உயிரையும் விட்டிருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்ற எந்த நல்வாழ்வுப் பேச்சாளரும் ஒரு பதிவு போட்டதாக நான் கேள்விப்படவில்லை. கட்டிலில் படுத்திருக்கிறவனின் ஒரு சாண் தண்ணீருக்குத்தான் இத்தனை கவலை.

மெஷினை விட்டால் நோய் திரும்புகிறதே, அது அடிமைத்தனம் இல்லையா என்பார்கள். திரும்பத்தான் செய்யும், சில நாளிலேயே. இருந்த நோய் இருந்தபடி திரும்புகிறது. மெஷின் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. பிரஷர் குளிசையை நிறுத்தினால் பிரஷர் ஏறுகிறது. குளிசைக்கு அடிமை என்று ஊரில் யாரும் யாரையும் சொல்வதில்லை. பேச்சாளரும் பிரஷர் குளிசை போடுகிறாரோ என்னவோ.

இந்த மெஷின் எப்படிப் பிறந்தது என்று அறிந்தால் சூழ்ச்சிக் கதையும் கூடவே விழும். 1980 ஜூனில் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் முதல் நோயாளிக்கு இதை மாட்டினார். அதுவரை கடுமையான நோய்க்கு இருந்த ஒரே உறுதியான வழி கழுத்தில் துளை போடுவது. சலிவன் தூசி உறிஞ்சும் மெஷினின் மோட்டாரைத் திருப்பிக் காற்றை ஊதவைத்தார். மூக்குக்கு அச்செடுத்த மாஸ்க்கைப் பசையால் ஒட்டினார். 1981இல் ஐந்து நோயாளிகளைப் பற்றி ‘லான்செற்’ இதழில் எழுதினார். கழுத்தைத் துளைக்காமல் ஆட்களை உறங்கவைத்ததற்குப் பெயர் சூழ்ச்சி என்றால், அப்படிப்பட்ட சூழ்ச்சிகள் மன்னாருக்கு இன்னும் நாலு வேண்டும். 2005இல் ஸ்பெயின்காரர்கள் பத்து வருடம் ஆண்களைப் பின்தொடர்ந்து பார்த்து, கடும் நோயோடு மெஷின் போடாதவர்களுக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் அதிகம், போட்டவர்களுக்குக் குறைவு என்று அதே இதழில் சொன்னார்கள். 2016இல் வந்த இன்னொரு ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லையே என்று யாராவது நீட்டுவார்கள். அதில் சேர்ந்தவர்கள் இரவுக்குச் சராசரியாக 3.3 மணித்தியாலம்தான் மெஷினைப் போட்டார்கள். அரைக் குளிசை விழுங்கிவிட்டு மருந்தைக் குறை சொல்வதுபோல் அது.

2023 ஜூனில் அமெரிக்க ஜனாதிபதி பைடனின் கன்னத்தில் பட்டித் தழும்பு தெரிந்தது. அவரும் இந்த மெஷின்காரர்தான் என்று வெள்ளை மாளிகை சொன்னது. அவர் எதற்கெல்லாம் அடிமை என்பது அரசியல்வாதிகளின் கதை. மெஷினுக்கு அடிமை என்று அவருடைய எதிரிகள்கூடச் சொல்லவில்லை.

ஏழாவது, கரண்ட் போனால் மாஸ்க்குக்குள் மூச்சு முட்டிச் சாவோமாம். மாஸ்க்கில் காற்று வெளியேறத் துளைகள் இருக்கின்றன. வாயையும் மூடும் பெரிய மாஸ்க்கில் மோட்டார் நின்றால் தானே திறக்கும் வால்வு இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் கிடந்தோம். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறையில் ஒரு குரங்கு நாட்டையே அணைத்துவிட்டதாக அமைச்சர் சொன்னார். மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே நாங்கள் மெழுகுதிரி தேடினோம். கோபப்பட வேண்டிய இடம் அதுதான். மெஷினுக்கு பற்றரி வைக்கலாம். சில மெஷினுக்கு 12 வோல்ட், சிலதுக்கு 24 வோல்ட், கேட்டு வாங்க வேண்டும். ஈரப்பதம் கொடுக்கும் சூடாக்கியை நிறுத்தினால் பற்றரி கூட நேரம் நிற்கும்.

எட்டாவது, 2021இல் பிலிப்ஸ் கம்பனி உள்ளே இருந்த நுரைப்பஞ்சு உதிர்கிறது என்று மெஷின்களைத் திருப்பியெடுத்தது. உண்மை. ஒரு கம்பனியின் பஞ்சு அது, அவ்வளவுதான்.

ஒன்பதாவது, விலை. இலட்சக் கணக்கில் வரும், மறுக்கவில்லை. சம்மாட்டி எஞ்சினுக்குக் கடன் வாங்குகிறார், மகளின் சாமத்திய வீட்டுக்குக் கடன் வாங்குகிறார். மூச்சுக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறார்.

பழகுவது சுலபம் என்று நான் சொல்லமாட்டேன். ஆரம்பத்தில் மூக்குத் தண்டு புண்ணாகும், வாய் வறளும், மாஸ்க் ஒழுகிக் கண்ணில் காற்றடிக்கும், நடுச்சாமத்தில் கழற்றி எறியத் தோன்றும். பகலில் விழித்திருந்து கொஞ்ச நேரம் மாட்டிப் பழகலாம். அழுத்தம் மெல்ல ஏறும்படி வைக்கலாம். அளவு பொருந்தாவிட்டால் மாஸ்க்கை மாற்றலாம். முகத்து எண்ணெயைக் கழுவிவிட்டு மாட்ட வேண்டும். மெஷினின் தண்ணீர்த் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான், கிணற்றுத் தண்ணீர் காரை கட்டும். கச்சான் காற்று மணலை வாரும் மாதங்களில் வடிகட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும். வைத்தியர்கள் கேட்கும் குறைந்தபட்சம், பத்தில் ஏழு இரவு, இரவுக்கு நாலு மணித்தியாலம். இதில் ஒன்றையும் பேச்சாளர் சொல்லவில்லை. மாட்டிப் பார்த்த மனிதனின் பேச்சு அல்ல அது.

சாமத்தில் வலை போட்டுவிட்டு அணியத்தில் தலை சாய்கிறவர்களும், மதவாச்சி வீதியில் வான் ஓட்டும்போது கண் செருகுகிறவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு குரல் பதிவு தேவையில்லை, எட்டுக் கேள்வி போதும். உரக்கக் குறட்டை விடுகிறீர்களா, பகலில் சோர்வா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, பிரஷர் இருக்கிறதா. பிறகு எடை, வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா. ரொறன்ரோவில் 2008இல் எழுதிய இந்த எட்டுக் கேள்வியை உலகம் முழுக்க வைத்தியர்கள் கேட்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கு உங்களுக்குப் பதில் தெரியாது. மனுசியிடமோ புருசனிடமோ கேட்டுக்கொண்டு மன்னார் வைத்தியசாலைக்குப் போங்கள். கேட்பதற்குக் காசில்லை.