காற்றில் சாய்ந்த வாழை... காப்பீட்டுப் பணம் கிடைக்காதா?

‘‘குத்தகை நிலத்தில் ஒன்றரை ஏக்கர் வாழை போட்டிருந்தோம். சித்திரையில் அடித்த சூறைக்காற்றில், தார் விட்ட மரங்களில் பாதிக்கு மேல் ஒடிந்துவிட்டன. பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டிய ரசீது இருக்கிறது. கேட்டால், ‘காற்றுச் சேதத்துக்குத் தனியாக இழப்பீடு வராது’ என்கிறார்கள். நகையை அடகு வைத்துப் போட்ட முதல். இனி வழியே இல்லையா?’’

- வாசகி, அனுமந்தன்பட்டி, தேனி மாவட்டம்.

அவர்கள் சொன்னது பாதிதான் சரி. 2016-ல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தனி வயலைப் பார்த்து இழப்பீடு கொடுப்பது ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் தேங்குதல், மேகவெடிப்பு, இடி மின்னலால் பிடிக்கும் தீ போன்ற சிலவற்றுக்குத்தான். வெறும் காற்று அந்தப் பட்டியலில் இல்லை. காற்றோடு ஆலங்கட்டி விழுந்திருந்தால் கதை வேறு. ஆனால், அதை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும்.

மீதிப் பாதியைப் பலரும் சொல்வதில்லை. காற்று, புயல், வறட்சி என எதனால் மகசூல் குறைந்தாலும், பகுதி அளவில் இழப்பீடு உண்டு. வாழைக்கு அந்தப் பகுதி என்பது பிர்கா. கடந்த 7 ஆண்டுகளில் நல்ல மகசூல் கிடைத்த 5 ஆண்டுகளின் சராசரியை வைத்து, ஓர் உத்தரவாத மகசூல் நிர்ணயிக்கப்படும். உதாரணமாக அது 40 டன் என்று வைத்துக்கொள்வோம். அறுவடைப் பரிசோதனையில் 30 டன்தான் வந்தால், குறைவு நாலில் ஒரு பங்கு. அந்த பிர்காவில் காப்பீடு செய்த எல்லோருக்கும் காப்பீட்டுத் தொகையில் 25 சதவிகிதம் கிடைக்கும். ஒருவர் தோட்டம் மட்டும் சாய்ந்து, பிர்காவில் மகசூல் குறையவில்லை என்றால் கிடைக்காது.

ஆகவே, வாசகி செய்ய வேண்டியவை:

1. ரசீதில் உள்ள விண்ணப்ப எண், சர்வே எண், பயிர், பரப்பு, வங்கிக் கணக்கு ஆகியவை சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று 14447 என்ற உதவி எண்ணில் கேட்க வேண்டும். பணத்தைப் பிடித்துவிட்டு, வங்கியோ பொதுச் சேவை மையமோ பதிவில் தவறு செய்திருந்தால், அந்த இழப்புக்கு அவர்களே பொறுப்பு.

2. பிர்காவின் உத்தரவாத மகசூல், கிடைத்த மகசூல் இரண்டையும் தோட்டக்கலைத் துறையில் எழுதிக் கேட்கலாம். பதில் வராவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

3. மறுப்பை வாய்வார்த்தையாக ஏற்க வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். இத்திட்டத்துக்கான மாவட்டக் குறைதீர்க் குழுவுக்கும் கலெக்டர்தான் தலைவர். மனுவுக்கு ஒப்புகை வாங்குவது அவசியம்.

4. அதிலும் தீராவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

வருவாய்த்துறை நிவாரணம் இதிலிருந்து தனி. அரசு நிவாரணம் அறிவிக்கும்போது 33 சதவிகிதமும் அதற்கு மேலும் பயிர் சேதமானவர்களையே கணக்கில் எடுப்பார்கள். வி.ஏ.ஓ-வும் தோட்டக்கலைத் துறையினரும் எடுக்கும் கணக்கில் பெயர் சேர வேண்டும். குத்தகை நிலம் என்பதால், அடங்கலில் யார் பெயரில் சாகுபடி இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நிலக்காரர் பெயர் மட்டும் இருந்தால், பணமும் அவர் கணக்குக்கே போய்விடக்கூடும்.

மற்ற வாழை விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. காற்றடித்த மறுநாளே மரங்களை வெட்டி அகற்றிவிடாதீர்கள். தேதியோடு போட்டோ எடுத்து, அதிகாரிகள் பார்த்த பிறகு தோட்டத்தைச் சுத்தம் செய்யுங்கள்.