சாமுராய் விசுவாசமா? முழுக் கதையையும் சொல்லுங்கள்

போன மாதம் எங்கள் தொழிற்சாலையில் ஒருநாள் பயிற்சி வகுப்பு நடந்தது. பேச வந்தவர் கவசமணிந்த சாமுராய் ஒருவரின் படத்தைத் திரையில் காட்டி, "எஜமானுக்காக உயிரையே கொடுத்தவர்கள் இவர்கள். நீங்களும் நிறுவனத்துக்கு அப்படி இருக்க வேண்டும்" என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். எனக்கு மனசு ஆறவில்லை. ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தவன் நான். ஜப்பானின் பெரும் போர்த்தலைவர்களான ஓடா நோபுனாகாவும் தொகுகாவா இயேயாசுவும் பிறந்த மண் அது.

அங்கிருந்தபோது ஒரு விடுமுறை நாளில் தொயோஹாஷியிலிருந்து ரயிலேறி நாகஷினோ கோட்டையைப் பார்க்கப் போனேன். கோட்டை என்று சொல்லப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. புல் மூடிய மண்மேடு, அகழியின் தடம், அவ்வளவுதான். தண்டவாளமே கோட்டை இருந்த இடத்தின் குறுக்கே போகிறது. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால், கீழே பள்ளத்தில் இரண்டு ஆறுகள் கூடுகின்றன.

1575-இல் இந்தக் கோட்டையைக் காத்தவர் ஒகுதைரா சதமாசா என்ற குறுநிலத் தலைவர். அவர் குடும்பம் முதலில் இமாகாவா வம்சத்துக்குக் கட்டுப்பட்டிருந்தது. 1560-இல் இமாகாவா யோஷிமோத்தோ போரில் மாண்டபின் இயேயாசு பக்கம் வந்தது. தக்கேதா வம்சத் தலைவர் சிங்கென் படையோடு நெருங்கியதும் அவருக்குப் பணிந்தது. 1573-இல் சிங்கென் இறந்ததும் மறுபடி இயேயாசுவிடமே திரும்பியது. அதற்கு விலையும் கொடுத்தது. பிணையாகத் தக்கேதாக்களிடம் விட்டிருந்த சதமாசாவின் தம்பி உள்ளிட்டோரைச் சிங்கெனின் மகன் கட்சுயோரி கொன்றார்.

இதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பெரும்படைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சின்ன மலைநாட்டுக்கு வேறு வழி இல்லை. தனி வீரர்களும் அப்படித்தான் இருந்தார்கள். உழைப்புக்கேற்ற நிலமும் மதிப்பும் கிடைக்காவிட்டால் வேறு தலைவரிடம் போனார்கள். தோதோ தகதோரா பல எஜமானர்களிடம் மாறி மாறிப் பணியாற்றி, கடைசியில் இயேயாசுவின் நம்பிக்கையைப் பெற்று, பெரிய நிலப்பிரபுவாகவே ஆனார். சாவையே பெருமையாகப் பேசும் 'ஹகாகுரே' 18-ஆம் நூற்றாண்டில், அமைதிக் காலத்தில் உருவான நூல். அதைச் சொன்ன யமமோத்தோ சுனேதோமோ போர்க்களம் கண்டவர் அல்லர். நித்தோபே இனாசோவின் 'புஷிதோ' 1900-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பயிற்சி வகுப்புகளில் நாம் கேட்பது பெரும்பாலும் இந்தப் பிற்காலச் சித்திரத்தைத்தான்.

உயிரைக் கொடுத்தவர்களே இல்லையா? இருந்தார்கள். நாகஷினோவிலேயே ஒருவர் இருந்தார். கோட்டைக்குள் சுமார் 500 பேர். வெளியே கட்சுயோரியின் 15,000 பேர் முற்றுகை. தானியக் கிடங்கு எரிந்து, சில நாள் சாப்பாடுதான் மிச்சம். தோரீ சுனேயேமோன் என்ற கீழ்நிலை வீரர் ராத்திரியில் ஆற்றில் இறங்கி, முற்றுகையைக் கடந்து, உதவி கேட்க ஒகாசாகி நகருக்குப் போய்ச் சேர்ந்தார். இயேயாசுவும் நோபுனாகாவும் படையோடு வருவதாகச் சொன்ன சேதியைக் கேட்ட பிறகு அவர் அங்கேயே தங்கியிருக்கலாம். உடனே திரும்பினார், பிடிபட்டார். "உதவி வராது என்று கத்து, உயிர்ப்பிச்சை தருகிறோம்" என்றார்கள். கோட்டையைப் பார்த்து, "இன்னும் இரண்டு மூன்று நாளில் படை வந்துவிடும், தாக்குப்பிடியுங்கள்" என்று கத்தினார். கோட்டைக்காரர்களின் கண்ணெதிரேயே அவரை மரத்தில் அறைந்து கொன்றார்கள்.

அவர் குரல் போய்ச் சேர்ந்தது பசியோடு கிடந்த அந்த 500 பேருக்கு. அவர்களுடைய தலைவரும் அதே சுவருக்குள், அதே ஆபத்தில்தான் இருந்தார். பயிற்சி கொடுப்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: சாமுராய் படத்தைக் காட்டும்போது இந்தத் தலைவரையும் சேர்த்துக் காட்டுங்கள்.

கோட்டை விழவில்லை. சதமாசா நோபுனாகாவின் பெயரிலிருந்து ஓரெழுத்தைப் பரிசாகப் பெற்று நோபுமாசா ஆனார். இயேயாசுவின் மூத்த மகளை மணந்தார். நாகஷினோ கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்து நிலையத்தின் பெயர் தோரீ.