கட்டுரைகளை எண்ணலாமா?

"எத்தனை கட்டுரை வந்திருக்கிறது?" ஆராய்ச்சி மாணவர் இருவர் சந்தித்தால் இப்பொழுதெல்லாம் முதலில் பிறக்கும் கேள்வி இதுதான். என்ன ஆராய்கிறாய் என்பது பிறகு. கட்டுரைகளை எண்ணி, பிறர் அவற்றை மேற்கோள் காட்டியதை எண்ணி, 'எச் குறியீடு' என்று ஓர் எண்ணாக்கி, அதையே ஒருவரது தகுதி என்கிறோம். எனக்கு இது உடன்பாடன்று. காரணம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. நாம் வாழும் ஐதராபாத்திலேயே இருக்கிறது.

நம் போலாரத்தில் இன்று குடியரசுத் தலைவர் வந்து தங்கும் மாளிகை, ஒரு காலத்தில் ஆங்கிலேய ரெசிடெண்டின் இல்லம். அந்த ரெசிடென்சியின் மருத்துவர் எட்வர்ட் லாரி. குளோரோபாரம் கொடுக்கையில் நோயாளி இறப்பது மூச்சு நின்றுதான், இதயம் தாக்குண்டு அன்று என்பது அவர் கட்சி. 1888-இல் அவர் அமைத்த குழுவும் அதையே சொல்லிற்று. இலண்டன் 'லான்செட்' ஏட்டுக்கு நம்பிக்கையில்லை. நிஜாம் மகபூப் அலிகான் ஆயிரம் பவுன் கொடுத்தார்; 1889-இல் லான்செட்டின் சார்பில் வந்து சேர்ந்தார் லாடர் பிரண்டன். மருந்தியலுக்குப் பெரும் பாடநூல் எழுதியவர். நாய், குதிரை, குரங்கு, ஆடு, பூனை, முயல் என 400-க்கும் மேற்பட்ட விலங்குகளில் சோதனை நடந்தது. ஐயத்தோடு வந்த பிரண்டன் லாரியின் பக்கமே சாய்ந்தார். 1890-இல் லான்செட் அந்த அறிக்கையைப் பக்கம் பக்கமாக வெளியிட்டது.

முடிவோ தவறு! மேலோட்டமான மயக்கத்திலேயே, உடலில் அட்ரினலின் மிகுந்தால், இதயத்தின் கீழறை ஒழுங்கிழந்து துடித்து நின்றுவிடக்கூடும் என்று 1911-இல் குட்மன் லெவி பூனைகளில் காட்டினார். பெரும்பாலும் அளவு மீறி மருந்தூட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த மரணம் கண்ணில் படவில்லை.

இதே பிரண்டன் 1867-இல் எடின்பரோவில் இளம் மருத்துவர். வயது 23. (என் வயதுதான்; எண்ணிப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.) இரத்தம் வடித்தால் மார்பு வலி தணிவதைக் கண்டவர், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அமைல் நைட்ரைட்டைத் துணியில் ஊற்றி நோயாளியை முகரச் செய்தார். ஒரு நிமிடத்துக்குள் வலி நின்றது. அதைச் சிறு கட்டுரையாக லான்செட்டில் எழுதினார். இன்று நாவின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை அந்த வழியில் வந்ததே. எண்ணிக்கைக்காரர் கணக்கில் இரண்டும் ஒவ்வொரு வரி! இன்னொன்றும் சொல்வேன்: ஐதராபாத் அறிக்கையை மறுத்தவர்களும் அதை மேற்கோள் காட்டித்தானே மறுத்தார்கள்? அந்த மறுப்பும் எண்ணிக்கையில் புகழாகவே ஏறும்.

"எண்ணாவிட்டால் சிபாரிசுதானே ஆளும்?" என்கிறார் விடுதி நண்பர். அவர் அச்சம் பொய்யன்று; சிபாரிசுக்கு ஆளில்லாமல் ஊர்விட்டு வந்தவர்கள் நாம். ஆனால் எண்ணுவதும் சிபாரிசும் தவிர மூன்றாவது வழி ஒன்றுண்டு, படிப்பது. விண்ணப்பிப்பவரே தம் சிறந்த கட்டுரை இரண்டைக் கொடுக்கட்டும். தேர்வுக்குழு அவற்றைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கட்டும். நேரமில்லை என்பார்களாயின், ஐந்தாண்டு உழைப்பை ஐந்து நிமிடத்தில் நிறுக்க அவர்களுக்கு என்ன உரிமை?

நம் சங்கத்தில் மாதம் ஒரு மாலை இதற்கென ஒதுக்கலாம். ஒருவர் ஒரு கட்டுரையைப் படித்துவந்து தமிழில் விளக்க, மற்றவர் மடக்கிக் கேட்கலாம். முதல் மாலைக்கு 1867-ஆம் ஆண்டுக் கட்டுரையோடு நான் வருகிறேன்.